வயிற்றுக்கு இடம் விட்ட மேசை

பலகையில் 'கைரோபிராக்டிக்' என்று எழுதியிருக்கிறது; முதுகையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சரிசெய்கிற வைத்தியம். அந்தச் சொல்லை முழுதாகச் சொன்னவர்கள் அந்தத் தெருவில் இரண்டே பேர். ஒருவர் அந்த அறையை நடத்துகிற பெண்மணி. இன்னொருவர் பலகை எழுதியவர். அவரும் எழுத்துக் கூட்டித்தான் சொன்னார். மற்ற எல்லோருக்கும் அந்தப் பெண்மணி 'முதுகுக்காரம்மா'. 'டாக்டர்' என்று யாராவது கூப்பிட்டால் திருத்துவார். 'முதுகுக்காரம்மா' என்று கூப்பிட்டால் திருத்த மாட்டார். அதில் பிழை எதுவும் இல்லை என்பது அவர் கருத்து.

சாவி நகல் எடுக்கும் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் தரைத்தளத்தில் இரண்டு அறைகள். முன்னறையில் மூன்று நாற்காலிகள், எடை பார்க்கும் கருவி ஒன்று, சிவப்பு ரெக்ஸின் போர்த்திய வட்டமான மெத்தை இருக்கை ஒன்று. சுவரில் ஒரே ஒரு அறிவிப்பு: 'வலி எத்தனை என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லவும். மூன்றுக்குக் கீழே வந்துவிட்டால் பிறகு வர வேண்டாம்.' வர வேண்டாம் என்று எழுதி மாட்டிய சிகிச்சைக்கூடம் வேறு எங்கும் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தால் அதுவும் இதுபோல் சின்னதாகத்தான் இருக்கும்.

உள்ளறையில் மேசை. மேசை என்று சொன்னாலும் அது படுக்கைதான்.

முதுகுக்காரம்மா இந்தத் தொழிலுக்கு நேராக வந்தவர் இல்லை. அதற்கு முன்னால் எட்டு வருஷம் தபால் பிரிக்கும் அறையில் நின்றபடி வேலை பார்த்தார். மகள் வயிற்றிலிருந்தபோது ஐந்தாம் மாதம் இடுப்பு பிடித்தது. பிள்ளை பிறந்ததும் சரியாகிவிடும் என்றார்கள். பிறந்தது. பால் மறந்ததும் சரியாகிவிடும் என்றார்கள். மறந்தது. மகள் பள்ளியில் சேர்ந்த பிறகு, வேறு ஊரில் யாரோ ஒருவர் கையால் அழுத்தி ஆறு தடவையில் சரி செய்தார். அதற்குப் பிறகு நான்கு வருஷம் இதைப் படித்துவிட்டு வந்து பலகை மாட்டினார். நன்றிக்கடன் என்று இதைச் சிலர் சொல்கிறார்கள். அவர் சொல்வது வேறு: "எல்லாரும் சரியாயிரும் சரியாயிரும்னாங்க. யாருமே எப்ப சரியாகும்னு கணக்கா சொல்லல. அந்த எரிச்சல்தான்."

மேசையைப் பழையதாக வாங்கினார். அதில் கர்ப்பிணிகள் குப்புறப் படுக்க முடியாது. அவர் கணவர் பின்கட்டில் கார்களுக்கு சீட் தைக்கிறவர். மேசையின் நடுவில் வயிற்றுக்கு ஒரு ஓட்டை வெட்டித் தருவதாகச் சொன்னார். அளவு எடுக்க அன்றைக்குக் கர்ப்பிணி யாரும் அகப்படவில்லை. பட்டறையில் இருந்த ஒரே பெரிய வயிறு அவருடையது. அட்டையைத் தரையில் போட்டு அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். மனைவி சாக்குக்கட்டியால் சுற்றிலும் கோடு போட்டார்.

"எத்தனை மாசம் வரும்?" என்று படுத்தபடியே கேட்டார்.

"ஏழு. அசையாதீங்க."

ஓட்டைக்கு அடியில் பெல்ட் துணியால் ஒரு தொட்டில் கட்டினார். வயிறு தொங்காமல் அதில் இறங்கி உட்காரும். மாதத்துக்கு ஏற்றபடி ஏற்றலாம், இறக்கலாம். வெட்டி எடுத்த வட்டத் துண்டை வீணாக்க மனமில்லாமல் சிவப்பு ரெக்ஸின் போர்த்தி முன்னறையில் ஒரு முக்காலிமேல் வைத்தார். உட்கார வசதியானது என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எங்கிருந்து வந்த துண்டு என்று யாரும் கேட்டதில்லை.

வலி விஷயத்தில் முதுகுக்காரம்மாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பள்ளி ஆசிரியை விலாவுக்குக் கீழே வலி என்று வந்தார். தடவிப் பார்த்ததில் தசையிலும் எலும்பிலும் ஒன்றும் இல்லை. "ஒண்ணும் இல்ல, போய் வேலையைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். ஆசிரியையும் போய் வேலையைப் பார்த்தார். மூன்றாம் நாள் சிறுநீரகத்தில் சீழ் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் எதிரே வந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்.

அதிலிருந்து முதுகுக்காரம்மா தன் கையை நம்புவதில்லை என்று முடிவு செய்தார். வலி எத்தனை என்று அவர்கள் சொல்கிற எண்ணே எண். இன்னொருவர் வலியை யாரும் பார்த்ததில்லை. சொல்வதை நம்பலாம், அல்லது நம்பாமல் இருக்கலாம். மூன்றாவது வழி கிடையாது. அவர் நம்புவது என்று எடுத்துக்கொண்டார். இதைக் கருணை என்று சொல்ல முடியாது. ஒரு தடவை சுட்ட பிறகு அடுப்பைத் தொடாமல் இருப்பது போன்ற ஒன்றுதான்.

பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ டாக்டரம்மாவுக்கு முதுகுக்காரம்மாவின் தொழிலில் நம்பிக்கை இல்லை. அதை மறைத்ததும் இல்லை. ஆனாலும், மாத்திரை கொடுக்கவும் முடியாமல் சும்மா இரு என்று சொல்லவும் முடியாமல் வருகிற கர்ப்பிணிகளைச் சில நிபந்தனைகளோடு அனுப்பிவைப்பார். தான் சோதித்துச் சீட்டு கொடுத்தவர்களை மட்டும்தான் தொட வேண்டும். திருகக் கூடாது, வேகமாக அழுத்தக் கூடாது. நான்கு தடவைக்குள் குறையவில்லை என்றால் நிறுத்திவிட்டுக் கடிதம் எழுத வேண்டும். முதுகுக்காரம்மா எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். கடைசி நிபந்தனை அவருடைய சொந்த விதியாகவும் இருந்தது.

அப்படிச் சீட்டோடு வந்தவள்தான் ஓட்டுநர். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். இருபத்தாறாவது வாரம். சீருடைக் கால்சட்டையின் இடுப்பில் எலாஸ்டிக் துணி வைத்துத் தைத்திருந்தாள். கூட மாமியார். கையில் தண்ணீர் பாட்டில், குடை, ஒரு கோப்பு. மாமியார் நேராகப் போய்ச் சிவப்பு வட்ட இருக்கையில் உட்கார்ந்தார். பிறகு வந்த நாளெல்லாம் அவருக்கு அதுதான் இடம். வேறு யாராவது அதில் உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்கும்வரை நின்றுகொண்டிருப்பார்.

உள்ளறைக் கதவு முழுதாக மூடாது.

"வலி எத்தனை?"

"எட்டுக்கா."

"வீட்டுல பத்துன்னு சொல்றா," என்றது வெளியிலிருந்து ஒரு குரல்.

"அம்மா, நம்பர் அவங்க மட்டும்தான் சொல்லணும்."

"சொல்லட்டும். நான் சொன்னதையும் ஒரு ஓரமா எழுதிக்குங்க."

முதுகுக்காரம்மா எழுதவில்லை. ஓட்டுநரைப் பார்த்து, "வேலையை நிறுத்த முடியாதா?" என்று கேட்டார்.

நிறுத்த முடியாது. தற்காலிக ஓட்டுநராகச் சேர்ந்தவர்கள் ஒரே வருஷத்தில், நடுவில் மருத்துவ விடுப்பு விழாமல், இருநூற்று நாற்பது நாள் வேலை செய்தால் வேலை நிரந்தரம். விடுப்பு விழுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். போன வருஷம் நூற்று எண்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. இந்த வருஷம் இருநூற்று ஒன்பது முடிந்திருக்கிறது. இன்னும் முப்பத்தொரு நாள். நிரந்தரமானால் பிரசவ விடுப்பு உண்டு, திரும்பி வந்தால் வேலையும் உண்டு. ஆகாவிட்டால் இரண்டும் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டாக்டரம்மா 'ஓட்டத் தகுதி உண்டு' என்று கையெழுத்துப் போட வேண்டும். வலி குறையாவிட்டால் போட மாட்டேன் என்று சொல்லித்தான் இங்கே அனுப்பியிருக்கிறார்.

முதுகுக்காரம்மா விதிகளை விளக்கினார். நான்கு தடவை, பிறகு கடிதம், மூன்றுக்குக் கீழே போனால் நிறுத்தம். ஓட்டுநர் தலையாட்டினாள். ஆனால் அவள் பார்வை மேசையின் ஓட்டைமேல் இருந்தது.

"அக்கா, இதுல குப்புறப் படுக்கலாமா?"

"படுத்துதான் ஆகணும்."

அதற்குப் பிறகு சொன்னது எதுவும் அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

நிமிஷத்துக்கு ஒரு தடவை பேருந்தின் படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கிற உடம்பு. வலது இடுப்பு மூட்டு பூட்டிக் கிடந்தது. கர்ப்பத்தில் உடம்பின் இணைப்புகள் எல்லாம் தானாகவே இளகும் என்பதால் பலம் தேவையில்லை. தொடைக்கு அடியில் ஆப்பு வடிவில் இரண்டு மெத்தைத் துண்டுகளை வைத்து, உள்ளங்கையை இடுப்பின்மேல் வைத்து, அவள் மூச்சு விடும்போது மட்டும் கொஞ்சம் அழுத்தினார்.

"எலும்பு சொடுக்கற சத்தமே வரலையே," என்றது வெளிக் குரல்.

"வராதும்மா."

"டிவியில வருதே."

"டிவிக்கு வேணும்."

முடிந்ததும் பத்து நிமிஷம் அப்படியே படுத்திருக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். திரும்பிப் போனபோது ஓட்டுநர் தூங்கிக்கொண்டிருந்தாள். முகம் வைக்கும் துளை வழியாகக் கீழே டைல்ஸில் எச்சில் சொட்டியிருந்தது. இருபது நிமிஷம் கழித்து எழுப்பினார். எந்த ஊர் என்று கேட்பவள் போல விழித்தாள்.

இரண்டாம் தடவை வந்தபோது மூட்டு திறந்திருந்தது. முதுகின் இரு பக்கமும் தசை பிசைந்து ஊறிய மாவு மாதிரி இருந்தது. முதுகுக்காரம்மாவின் கைக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

"வலி எத்தனை?"

ஓட்டுநர் கொஞ்சம் யோசித்தாள். "ஏழு."

ஏழு என்று எழுதினார். அவள் தூங்கினாள். மூன்றாம் தடவையும் ஏழு; தூங்கினாள். அன்று சாயங்காலம் பின்கட்டில் கணவரின் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று முதுகுக்காரம்மா பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன?" என்றார் கணவர்.

"பஸ் ஓட்டுற பொண்ணு. ஏழுக்குக் கீழ இறங்க மாட்டேங்குது."

"உன் கை என்ன சொல்லுது?"

"ரெண்டு."

"அப்ப?"

"கையைக் கேட்டுத்தான் அந்த டீச்சரை வீட்டுக்கு அனுப்புனேன்."

இந்த வீட்டில் அந்த டீச்சர் பேச்சு வந்தால் பேச்சு முடிந்தது.

நான்காம் தடவை, புதன்கிழமை. ஏழு. அன்று சாயங்காலமே கடிதம் போயிற்று: 'நான்கு தடவை பார்த்தேன். எட்டிலிருந்து ஏழுதான் ஆகியிருக்கிறது. என் கைக்குத் தெரிகிற காரணம் எதுவும் இல்லை. காரணம் தெரியாத வலியோடு வண்டி ஓட்டுவது பற்றித் தாங்கள் முடிவு செய்யவும். நான் நிறுத்திக்கொள்கிறேன்.' ஒரு வரியும் மிகை இல்லை. அதில் முக்கியமான வரி உண்மையில்லை என்பது மறுநாள் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு இருவரும் வந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். இருக்கிற தகுதிச் சான்று சனிக்கிழமையோடு முடிகிறது. புதிதாகக் கிடையாது. திங்கட்கிழமையிலிருந்து வண்டியைத் தொடக் கூடாது.

மாமியார் அன்று உட்காரவில்லை. நின்றபடியே ஆரம்பித்தார்.

"நாலு தடவை கூட்டிட்டு வந்தேன். வெயில்ல குடை பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். நீங்க கையை வச்சீங்க, எடுத்தீங்க, சத்தம் கூட வரல. குறைக்கத் தெரியலன்னா தெரியலன்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்ல? இன்னும் பத்தொம்பது நாள். பத்தொம்பதே நாள். அடிமடியிலயே கை வச்சுட்டீங்களே."

"அம்மா, குறையலன்னா எழுதணும்கறது—"

"குறைஞ்சிருச்சு," என்றாள் ஓட்டுநர்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"ரெண்டுதான். ரெண்டாவது தடவை வந்தப்பவே ரெண்டுதான்."

"அப்ப ஏன் ஏழுன்னே?" முதுகுக்காரம்மாவின் குரல் உயரவில்லை. அந்தக் குரலுக்கு உயரும் பழக்கம் இல்லை.

ஓட்டுநர் சுவரைக் காட்டினாள். "ரெண்டுன்னு சொன்னா வராதேன்னுருவீங்க."

"வலி இல்லாம எதுக்கு வரணும்?"

"தூங்க."

மாமியார் வட்ட இருக்கையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் சின்ன வயசுலருந்து குப்புறப் படுத்துத்தான்கா தூங்குவேன். மூணு மாசமா முடியல. இடது பக்கமாப் படுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அத்தை ரெண்டு மணிக்கு ஒருக்கா எழுந்து வந்து இடது பக்கமாத்தான் படுத்திருக்கேனான்னு பார்க்கறாங்க. லைட்டைப் போட்டுப் பார்க்கறாங்க. அவரு இருக்காரே, அவரு ஒருபடி மேல. நல்லாத் தூங்கிட்டிருக்கறவளை எழுப்பி, 'இடது பக்கமாப் படு'ங்கறாரு. நான் இடது பக்கமாத்தான் படுத்திருப்பேன். அவரு எதிர்ப்பக்கம் நின்னு பார்த்தா அவருக்கு வலதாத் தெரியுது."

"அவன் அப்பவே அப்படித்தான்," என்றார் மாமியார்.

"ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் தூங்கினா அதிகம். இங்க வந்து படுத்தா யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. அதான்."

முதுகுக்காரம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மாமியார் பிற்பாடு பலரிடம் சொன்னார். பிறகு, "டாக்டரம்மாவுக்கு இன்னொரு லெட்டர் எழுதறேன். நான் எழுதினது தப்புன்னு எழுதறேன்," என்றார்.

ஓட்டுநர் முகம் தெளிந்தது. உடனே, வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வளைவு வருமுன்னே தெரிந்துவிடுமே, அந்த மாதிரி ஏதோ தெரிந்து மறுபடி இறுகியது.

"அக்கா, வலி ரெண்டுன்னு மட்டும் எழுதுங்க. தூக்கம் பத்தி எழுதாதீங்க."

"மூணு மணி நேரம் தூங்கிட்டு எத்தனை பேரை ஏத்திட்டுப் போறே?"

"அறுபது. சாயங்காலம் எண்பது."

"எழுதாம எப்படி விடறது?"

"உண்மையைச் சொன்னதுக்கு இதுதானா எனக்கு?"

"உண்மை சொன்னது இன்னிக்கு ஒரு நாள். பொய் சொன்னது மூணு நாள்," என்றார் மாமியார். யார் பக்கம் பேசுகிறோம் என்பதை அவர் இன்னும் தீர்மானித்திருக்கவில்லை.

"டிப்போவுக்குள்ளயே ஓட்டற வேலை எதுவும் இல்லையா?" என்று கேட்டார் முதுகுக்காரம்மா.

இருக்கிறது. வந்து நிற்கிற வண்டிகளை எடுத்துக் கழுவுமிடத்துக்குள் ஓட்டி, அந்தப் பக்கம் வெளியே கொண்டுபோய் வரிசையில் நிறுத்த வேண்டும். நடக்கிற வேகம். ஆள் ஏற மாட்டார்கள். இடித்துவிட்டு வந்தவர்களுக்கும் மேலாளரை எதிர்த்துப் பேசியவர்களுக்கும் கொடுக்கிற வேலை அது. தண்டனை என்று ஆணையில் எழுத மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

"நாள் கணக்குல வருமா?"

"வரும். மானம்தான் போகும். அந்தப் பொண்ணு எதை இடிச்சுதுன்னு கேப்பாங்க."

"என்ன சொல்லுவே?"

ஓட்டுநர் மாமியாருக்குக் காத்திராமல் வெளியே போய்விட்டாள். மாமியார் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். கொண்டுவந்த கோப்பு இருக்கைமேலேயே கிடந்தது.

இரண்டாவது கடிதம் எழுத மத்தியானம் முழுக்க ஆயிற்று. கணவர் எழுதியதை வாங்கிப் படித்தார்.

"இதைப் போட்டா அந்த டாக்டரம்மா இனிமே யாரையும் அனுப்ப மாட்டாங்க."

"மாட்டாங்க."

"பக்குவமா எழுதலாமே. நிலைமை மாறியிருக்குன்னு எழுதலாம்."

"எதுவும் மாறலங்க. அன்னிக்கும் ரெண்டுதான்."

அவர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதில் இருந்தது இது: 'நேற்று எழுதியது தவறு. வலி பத்து நாளாகவே இரண்டுதான். அவர் ஏழு என்று சொன்னார். என் கைக்கு இரண்டு என்று தெரிந்தும் நான் கேட்கவில்லை. ஏன் ஏழு என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். அவர் என்னிடம் வந்தது மேசைக்காக. வீட்டில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்குவதில்லை. குப்புறப் படுத்தால்தான் தூக்கம் வருகிறது, என் மேசையில் மட்டும்தான் அது முடிகிறது. ஆட்களை ஏற்றி ஓட்ட அனுமதிக்கும்படி நான் கேட்க மாட்டேன். டிப்போவுக்குள் வண்டி நகர்த்தும் வேலை இருக்கிறதாம், நாள் கணக்கில் வருமாம். அதற்குத் தகுதி உண்டா என்று சோதித்துப் பார்க்கவும். தாங்கள் சரி என்றால் தினமும் வேலைக்கு முன்னால் அரை மணி இந்த மேசையில் படுக்கட்டும். நான் கை வைக்க மாட்டேன்.'

வெள்ளிக்கிழமை காலை டாக்டரம்மா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தப்புன்னு எழுதி அனுப்பியிருக்கீங்க."

"ஆமா."

"உங்க தொழில்ல இப்படி எழுதறவங்களை நான் பார்த்ததில்ல."

"உங்க தொழில்ல எழுதுவாங்களா?"

லைன் அறுந்துவிட்டதோ என்று முதுகுக்காரம்மா தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

"அரை மணிக்கு மேல வேண்டாம்," என்றார் டாக்டரம்மா. "தொட்டில் கட்டியிருக்கணும், வயிறு தொங்கக் கூடாது. மூச்சு முட்டினா, தலை சுத்தினா உடனே திருப்பணும். நீங்க பக்கத்துலயே இருக்கணும். முப்பத்திரண்டு வாரம் வரைக்கும்தான். பொண்ணை நாளைக்கு வரச் சொல்லுங்க, பார்த்துட்டுத்தான் கையெழுத்து. அந்த வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. ராத்திரி லைட்டைப் போடறது யாருன்னு எனக்குத் தெரியணும்."

சனிக்கிழமை சோதித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். 'பணிமனைக்குள் மட்டும்' என்று எழுதி அடிக்கோடும் போட்டார். டாக்டரம்மா தொலைபேசியில் கேட்டபோது டிப்போ மேலாளர் மறுப்புச் சொல்லவில்லை. கழுவுமிடத்துக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை. தானாக வந்து கேட்டவர் இதுவரை யாரும் இல்லை. எல்லோருடைய தீர்மானமும் முடிந்த பிறகு ஓட்டுநரிடம் சொன்னார்கள். அவள் முதுகுக்காரம்மாவோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு வருவாள். செருப்பைக் கழற்றுவாள், ஏறிப் படுப்பாள். கோபமாகத்தான் படுப்பாள். மூன்றாவது நிமிஷம் தூங்கிவிடுவாள். கோபத்தோடு தூங்க முடியாது என்று நினைக்கிறவர்கள் அவளைப் பார்த்திருக்க வேண்டும். முதுகுக்காரம்மா பக்கத்து நாற்காலியில் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பதிவேட்டில் இதற்குப் பத்தி இல்லை. அளவுகோல் வைத்துப் புதிதாக ஒன்று போட்டு, 'மேசை மட்டும்' என்று தலைப்பு எழுதினார்.

இரண்டாவது வாரம் அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

"நேத்து இருபத்தாறு வண்டி கழுவினேன்கா."

"முதுகு?"

"ஒண்ணு. கண்டக்டர் ஒருத்தர் கேட்டாரு, எதை இடிச்சேன்னு."

"என்ன சொன்னே?"

"ஒரு ஆஸ்பத்திரி, ஒரு முதுகுக்காரம்மா, ரெண்டும் ஒரே நாள்லன்னேன்."

'மேசை மட்டும்' என்ற அந்தப் பத்தி முதுகுக்காரம்மாவைச் சும்மா விடவில்லை. ஒருத்திக்குத் தேவைப்பட்டது மேசைதான் என்றால், மற்றவர்களுக்கு? இந்தக் கேள்வி இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு வரக் கூடாத கேள்வி. வந்தாலும், கொஞ்ச நேரம் உலாவிவிட்டு வந்தால் போய்விடுகிற கேள்வி. அவருக்குப் போகவில்லை. அடுத்து வந்த ஏழு கர்ப்பிணிகளையும் முதல் நாள் அரை மணி நேரம் சும்மா படுக்க வைத்தார். கை வைக்கவில்லை. முன்னால் ஒரு எண், பின்னால் ஒரு எண் கேட்டு எழுதினார். நான்கு பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்குக் கை தேவைப்பட்டது. மூன்று பேருக்கு அவர் தொடாமலேயே மூன்று எண் இறங்கியது. ஏழு பேரை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று அவருக்கும் தெரியும். அதையும் சேர்த்து எழுதி டாக்டரம்மாவுக்கு அனுப்பினார்.

"உன் கையால ஆனது பாதிதான்னு நீயே எழுதிக் குடுக்கறே," என்றார் கணவர்.

"பாதின்னும் தெரியல. அதைத்தான் எழுதியிருக்கேன்."

டாக்டரம்மாவிடமிருந்து 'பார்த்தேன்' என்று ஒரு வார்த்தை பதில் வந்தது. அடுத்த வாரம் சீட்டோடு மூன்று பேர் வந்தார்கள். இது நம்பிக்கையா, அல்லது கணக்குப் பார்க்க ஆள் கிடைத்ததா என்று சொல்வதற்கில்லை.

பத்தொன்பதாவது நாள் திங்கட்கிழமையாக வந்தது. ஓட்டுநர் முப்பது வண்டிகளைக் கழுவி நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனாள். வியாழக்கிழமை மாமியாரோடு வந்தாள். நிரந்தர ஆணையும் பிரசவ விடுப்பு அனுமதியும் ஒரே உறையில் இருந்தன. முதுகுக்காரம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டையும் கடைசி வரிவரை படித்தார். தேதியைச் சரிபார்த்தார். மடித்து உறையில் போட்டுக் கொடுத்தார்.

"சரியா இருக்கு," என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு யாருக்கும் வந்ததில்லை.

"இன்னிக்குப் படுக்கலையா?" என்று கேட்டார்.

"வேண்டாம்கா. இப்ப வீட்டுலயே வருது. டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டு வச்சுப் பேசினதுலருந்து அவரு ஹால்ல படுக்கறாரு. எங்க நின்னு பார்த்தாலும் அவருக்கு நான் தெரியறதில்ல. அத்தைதான் பாவம்."

"எனக்கென்ன?" என்றார் மாமியார்.

"அத்தை இப்ப லைட்டைப் போடறதில்ல. இருட்டுல வந்து நின்னு மூச்சு வருதான்னு கேட்டுட்டுப் போறாங்க. நான் தூங்கறேன். அவங்கதான் தூங்கறதில்ல."

மாமியார் உள்ளறைக் கதவின் இடைவெளி வழியாக மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வாரமாக அவர் இந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர்.

"ஏம்மா, அதுல நான் ஒரு பத்து நிமிஷம் படுத்துப் பார்க்கலாமா?"

முதுகுக்காரம்மா பதிவேட்டைத் திறந்தார். "வலி எத்தனை?"

"எனக்கு வலியெல்லாம் ஒண்ணும் இல்ல."

பூஜ்யம் என்று எழுதினார். சுவரிலிருந்த அறிவிப்பை ஒரு தடவை பார்த்தார். பிறகு பக்கத்தில், புதிய பத்தியில், ஒரு குறி போட்டார்.

"கொஞ்சம் எழுந்திருங்கம்மா."

மாமியார் எழுந்ததும் முதுகுக்காரம்மா சிவப்பு வட்டத் துண்டை முக்காலியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தொட்டிலை அவிழ்த்தார். ஓட்டைக்குள் துண்டை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். எங்கும் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது.

"இத்தனை நாளா நான் இதுமேலயா உட்கார்ந்திருந்தேன்?" என்றார் மாமியார்.

"ஆமா. குடையைக் கீழ வச்சுட்டுப் படுங்க."